பைட் வந்தது, முழுதாக வந்ததா? ஜாவா இன்புட் ஸ்ட்ரீம் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

எங்கள் ஊர் வாசிகசாலைக்காக ஜாவாவில் எழுதிய ஒரு சின்ன நிரலை இரண்டு வருடமாக ஓட்டி வருகிறேன். ஸ்கேன் செய்த கல்வெட்டுகளை மடிக்கணினியில் இருந்து வாசிகசாலைக் கணினிக்கு அனுப்பி, அங்கே இரண்டு வட்டில் பிரதி வைப்பதுதான் அதன் வேலை. யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது, ஒருவர் இறந்து 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலரை. வம்சாவளி, தேவாரம், இரங்கற்பா, முன்பக்கத்தில் ஒரு படம். இடம்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய வீடுகளுக்கு அந்த அச்சுப் படம்தான் அம்மம்மாவின் மிச்சமிருக்கும் முகம். ஒரு பைட் தொலைந்தாலும் எனக்குப் பொறுக்காது.

இந்த நிரலிலும், இதைப் பார்த்து எழுதிய பிள்ளைகளின் நிரல்களிலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் அறிகுறி இருக்கும் இடத்துக்கே நேராகப் போகலாம். போகுமுன் அடுத்த பகுதியை மட்டும் வாசித்துவிடுங்கள்.

எதைத் தொடுமுன்னும்: இரண்டு எண்கள்

மூலக் கோப்பு எத்தனை பைட்? வந்து சேர்ந்த கோப்பு எத்தனை பைட்? கிலோபைட்டில் பார்க்க வேண்டாம், அது முழுமையாக்கிக் காட்டும். விண்டோஸில் கோப்பின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் அடைப்புக்குள் சரியான எண் இருக்கும். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, பூச்சியமா, சமமா என்பதிலேயே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். "அக்கா, படம் வந்திட்டுது, ஆனால் திறக்குதில்லை" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி வந்தால் நான் முதலில் கேட்பது, "அனுப்பினது எத்தனை, வந்தது எத்தனை?" என்றுதான்.

அடுத்தது, ரீட் என்ற மெத்தட் உண்மையில் என்ன வாக்குக் கொடுக்கிறது என்பது. இன்புட்ஸ்ட்ரீம் என்பது பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரும் வழி. ஜாவாவில் அது ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதாவது நேரடியாக உருவாக்க முடியாத தாய் கிளாஸ். கோப்பு, சாக்கெட் (நெட்வொர்க்கில் இரண்டு கணினிகளை இணைக்கும் முனை), நினைவகத்தில் இருக்கும் பைட் வரிசை (அர்ரே) இவற்றில் இருந்து வாசிக்கும் கிளாஸ்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். வரிசை எதையும் கொடுக்காமல் ரீட் என்று கூப்பிட்டால் ஒரு பைட்டை 0 முதல் 255 வரையான இன்ட் ஆகத் தரும், முடிந்துவிட்டால் -1 தரும். 256 பைட் மதிப்புகளோடு "முடிந்தது" என்ற பதிலும் சேர்ந்து 257 பதில்கள் வேண்டும் என்பதால்தான் அது பைட் ஆக இல்லாமல் இன்ட் ஆக வருகிறது. பைட் வரிசை ஒன்றைக் கொடுத்துக் கூப்பிட்டால், எத்தனை பைட் போட்டேன் என்ற எண்ணைத் தரும். "நிரப்பித் தருகிறேன்" என்று அது எங்கேயும் சொல்லவில்லை. குறைந்தது ஒன்று, கூடியது நீங்கள் கேட்டது, இடையில் எதுவும் வரலாம். முடிந்துவிட்டால் இதுவும் -1 தரும்.

கோப்பில் இருந்து வாசித்தால் பெரும்பாலும் வரிசை நிறைந்தே வரும். பைட்அர்ரேஇன்புட்ஸ்ட்ரீமிலும் அப்படியே. அதனால் வீட்டில் சோதித்த நிரல் சரியாகத்தான் ஓடும். அதே மெத்தட்டுக்குள் சாக்கெட்டின் ஸ்ட்ரீமைக் கொடுத்தவுடன், அது 1,460 பைட்டும் தரலாம், 3 பைட்டும் தரலாம். வகை ஒன்றுதான், நடத்தை வேறு. பொதுவான இன்புட்ஸ்ட்ரீமை வாங்கும் மெத்தட் எழுதுகிறவர், தான் பழகிய பிள்ளையின் குணத்தை நம்பாமல் தாய் கிளாஸ் கொடுத்த வாக்கை மட்டும் நம்பி எழுத வேண்டும். கீழே உள்ள கோளாறுகளில் பல இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கின்றன.

கோப்பு பெருத்துவிட்டது

வந்த கோப்பின் அளவை, வாசிக்கப் பயன்படுத்தும் வரிசையின் அளவால் (இங்கே 8192) வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால் காரணம் அநேகமாக இதுதான்: ரீட் தந்த எண்ணைப் பார்க்காமல் முழு வரிசையையும் எழுதியிருக்கிறீர்கள்.

20,000 பைட் உள்ள ஒரு எழுத்துக் கோப்பை எடுத்துக்கொள்வோம். வரிசையின் அளவு 8192. முதல் தடவை 8192 வரும். இரண்டாம் தடவையும் 8192. மூன்றாம் தடவை மிச்சமிருக்கும் 3,616 மட்டும். இந்த 3,616 பைட் வரிசையின் முன்பகுதியில் போய் உட்காரும். பின்பகுதியை யாரும் துடைப்பதில்லை, இரண்டாம் தடவை வந்த 4,576 பைட் அங்கே அப்படியே கிடக்கும். வரிசை முழுவதையும் எழுதினால் கோப்பு 24,576 பைட் ஆகிவிடும், கடைசியில் ஏற்கெனவே வாசித்த பகுதி ஒன்று மறுபடி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கல்வெட்டின் வம்சாவளியில் கடைசிப் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இரண்டு தடவை வந்தபோதுதான் எனக்கு இது முதலில் பிடிபட்டது. வீட்டுக்காரரிடம் கொடுக்குமுன் கண்டது நல்லதாகப் போயிற்று.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஜேபெக் படமாக இருந்தால் வாலில் குப்பை ஒட்டியிருந்தாலும் படம் அழகாகத் திறக்கும். படம் முடியும் இடத்தைக் கோப்புக்குள்ளேயே ஒரு குறி சொல்லிவிடுவதால், அதற்குப் பின் இருப்பதைத் திறப்பான்கள் கவனிப்பதில்லை. அதே நிரலை சாக்கெட்டில் ஓட்டினால் நடுவிலேயே குறைவாக வந்த ஒவ்வொரு தடவையும் குப்பை நுழைந்து, படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிடும். "நெட்வொர்க் பழுது" என்று வயரை மாற்ற ஓட வேண்டாம். பழுது நிரலில்தான் இருக்கிறது.

தீர்வு: ரீட் தந்த எண்ணை ஒரு மாறியில் பிடியுங்கள். எழுதும்போது வரிசை, தொடக்கம் 0, அந்த எண் என்று மூன்றையும் கொடுங்கள். ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் டிரான்ஸ்ஃபர்டூ என்ற மெத்தட்டே இந்த வளையத்தைச் சரியாக ஓட்டித் தரும். வெறும் பிரதி எடுக்கும் வேலைக்குச் சொந்தமாக வளையம் எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

கோப்பு சரிபாதியாகிவிட்டது

வளையத்தின் நிபந்தனையில் ஒரு ரீட், உள்ளே எழுதும் இடத்தில் இன்னொரு ரீட். நிபந்தனையில் வாசித்த பைட் சோதனைக்கு மட்டும் பயன்பட்டுக் காணாமல் போகிறது. ஒன்று விட்டு ஒன்றுதான் எழுதப்படுகிறது. மூலத்தின் அளவு ஒற்றை எண்ணாக இருந்தால் கடைசியில் -1ஐயே எழுதி, 255 என்ற ஒரு பைட் வாலில் நிற்கும். நிபந்தனைக்குள்ளேயே மாறியில் வாங்கி அந்த மாறியை எழுதுங்கள்.

எழுத்துக் கோப்பு சரி, படம் மட்டும் பூச்சியம் பைட்

இந்த அறிகுறியைக் கண்டால் நேராக ஒரே வரிக்குப் போகலாம். ரீட் தந்த இன்ட்டை உடனே பைட் ஆக மாற்றி, மாற்றிய பிறகு -1ஓடு ஒப்பிட்டிருப்பீர்கள்.

ஜாவாவில் பைட் என்பது குறியுள்ள எண், -128 முதல் 127 வரை. 255ஐ அதில் போட்டால் -1 ஆகிவிடும். ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் 255, 216 என்ற இரண்டு பைட்டோடுதான் தொடங்குகிறது. ஆகவே முதல் பைட்டிலேயே "முடிந்தது" என்று நிரல் நினைத்துவிடுகிறது. எழுத்துக் கோப்பு தப்புவது எப்படி? எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் 255 என்ற பைட் எந்த எழுத்துக்கும் வராது. தமிழ் முழுவதையும் அனுப்பிச் சோதித்தாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஒரு படத்தை அனுப்பினால் அடுத்த நொடி தெரியும். அதனால் சோதனைக்கு எப்போதும் ஒரு படத்தையும் சேர்த்து வையுங்கள்.

முதலில் இன்ட் ஆகவே ஒப்பிடுங்கள், அதன் பிறகு மாற்றுங்கள். வரிசையில் இருந்து எடுத்த பைட்டை 0 முதல் 255 வரை பார்க்க வேண்டுமானால் 255ஓடு பிட் வாரியாக ஆண்ட் செய்யுங்கள். இதே தவறு சார் வகையோடு நடந்தால் விளைவு தலைகீழ்: -1ஐ சார் ஆக மாற்றினால் 65,535 ஆகும், அது ஒருநாளும் -1க்குச் சமமாகாது, வளையம் நிற்காமல் ஓடி வட்டை நிரப்பும்.

வால் இல்லை

கோப்பு கொஞ்சம் சிறியது, தொடக்கம் எல்லாம் சரி, முடிவு வெட்டுப்பட்டிருக்கிறது. இது வாசிக்கும் பக்கத்துப் பிழை அல்ல. எழுதும் பக்கத்தில் பஃபர்ட்அவுட்புட்ஸ்ட்ரீமை மூடாமல் விட்டிருக்கிறீர்கள். கடைசிப் பஃபரில் (பைட்டைச் சேர்த்துவைக்கும் தற்காலிகத் தொட்டியில்) இருந்தது வட்டுக்குப் போகவே இல்லை. கோப்பே 8192 பைட்டுக்குக் குறைவு என்றால் பூச்சியம் பைட்டாகவும் நிற்கலாம். ஜாவா 7இல் வந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்குள் ஸ்ட்ரீமைத் திறந்தால், இடையில் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுந்தாலும் அது மூடப்படும். சாக்கெட்டில் மூட முடியாத நேரத்தில் ஃப்ளஷ் போட்டு, பஃபரில் இருப்பதைத் தள்ளிவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ஆமை வேகம்

எங்கள் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். துலாவால் வாளி வாளியாக இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, தொட்டியில் இருந்து செம்பால் அள்ளிக் குளிப்போம். ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் துலாவை இறக்கி ஏற்ற மாட்டோம். ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமில் ஒவ்வொரு பைட்டாக ரீட் செய்வது, செம்புக்கு ஒரு தடவை துலாவை இறக்குவதுதான். ஒவ்வொரு கூப்பிடுதலும் இயங்குதளம் வரை போய் வருகிறது. 5 மெகாபைட் படம் என்றால் 52 இலட்சத்து 42 ஆயிரத்து 880 தடவை. அதையே பஃபர்ட்இன்புட்ஸ்ட்ரீமில் சுற்றினால், அதன் இயல்பான 8192 பைட் தொட்டியோடு, 640 தடவை.

சுற்றுவது என்பது வெறும் வார்த்தை அல்ல. பஃபர்ட்இன்புட்ஸ்ட்ரீமும் ஒரு இன்புட்ஸ்ட்ரீம்தான். இன்னொரு இன்புட்ஸ்ட்ரீமைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, வெளியே அதே முகத்தைக் காட்டுகிறது. டெக்கரேட்டர் என்று வகுப்பில் படிப்பது இதைத்தான். உள்ளே இருப்பது கோப்பா, சாக்கெட்டா என்று அது கேட்பதில்லை. அதனால் எண், நீளம் போன்றவற்றை வாசிக்கும் டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமுக்குள் பஃபரை வைக்கலாம், அந்தப் பஃபருக்குள் கோப்பை வைக்கலாம். அடுக்கும் ஒழுங்கு முக்கியம்: கோப்பு உள்ளே, பஃபர் நடுவில், டேட்டா வெளியே. பஃபரை எல்லாவற்றுக்கும் வெளியே போட்டால் டேட்டாவின் மெத்தட்டுகள் அதன் வழியே போகாது, பயனும் இல்லை.

சுற்றியும் வேகம் வரவில்லையா? இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, வளையத்துக்குள் ஒவ்வொரு சுற்றிலும் புதிய பஃபர் உருவாக்குகிறீர்களா? வேகமும் போகும், பைட்டும் தொலையும், அதைக் கீழே சொல்கிறேன். இரண்டு, இன்புட்ஸ்ட்ரீமில் இருந்து சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி, ஒற்றை பைட் தரும் ரீட்டை மட்டும் நிரப்பியிருக்கிறீர்களா? பைட் வரிசையை நிரப்பும் ரீட் தாய் கிளாஸில் அந்த ஒற்றை ரீட்டைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடும். மூன்று அளபுருக்கள் வாங்கும் ரீட்டையும் நீங்களே எழுத வேண்டும்.

நீங்களே 8192 அல்லது அதைவிடப் பெரிய வரிசையோடு வாசிக்கிறீர்கள் என்றால் பஃபர்ட்இன்புட்ஸ்ட்ரீமால் பெரிய இலாபம் இல்லை. அவ்வளவு பெரிதாகக் கேட்டால் அது தன் தொட்டியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதிடமே நேராகக் கேட்கும். பழக்கத்துக்காக எல்லா இடத்திலும் சுற்றுவதை நான் நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன்.

தமிழ் எழுத்து இடையிடையே உடைகிறது

எனக்கு மிகவும் நெருக்கமான கோளாறு இது. மூன்று வேறு நோய்கள் ஒரே போல் தோன்றும், பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

"யாழ்ப்பாணம்" என்ற சொல்லைப் பைட்டாகப் பார்ப்போம். கண்ணுக்கு யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறு எழுத்து. யூனிகோடில் ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி என்று 11 குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். ஆக 33 பைட். முதல் எழுத்தான ய என்பது 224, 174, 175. எந்தத் தமிழ்க் குறியும் 224இல் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175 ஆக இருக்கும். நிரலைப் படிப்படியாகப் பார்க்கும் டீபக்கரில் -32, -82, -81 என்று எதிர்க்குறியோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் ய தான்.

முதல் நோய்: ஒரு பந்தியில் எல்லாம் சரியாக இருந்து, சில பக்கங்களுக்கு ஒருமுறை மட்டும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி இரண்டு மூன்று வரும். 8192ஐ 3ஆல் வகுத்தால் 2,730 குறிகளும் 2 பைட் மிச்சமும். முழுக்கத் தமிழாக உள்ள கோப்பில் 2,731ஆவது குறியின் இரண்டு பைட் முதல் வரிசையின் கடைசியிலும், மூன்றாவது பைட் அடுத்த வரிசையின் தலையிலும் வரும். வரிசை நிறைந்ததும் அதை உடனே ஸ்ட்ரிங் ஆக்கினால் அந்த எழுத்து இரண்டு துண்டாகிச் செத்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலக் கோப்போடு சோதித்தவருக்கு இது வரவே வராது. தீர்வு: பைட்டைத் துண்டு துண்டாக ஸ்ட்ரிங் ஆக்காதீர்கள். இன்புட்ஸ்ட்ரீம்ரீடரில் யுடிஎஃப்-8 என்று பெயர் சொல்லிச் சுற்றி, அதைப் பஃபர்ட்ரீடரில் சுற்றுங்கள். பாதி எழுத்து வந்தால் மீதி வரும்வரை வைத்திருக்க அதற்குத் தெரியும். சின்னக் கோப்பு என்றால் முழுவதையும் வாசித்துவிட்டு ஒரே தடவை ஸ்ட்ரிங் ஆக்கலாம்.

இரண்டாம் நோய்: முதல் எழுத்தில் இருந்தே எல்லாம் குப்பை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மேலே கோடு போட்ட ஒரு ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் நிற்கும் பதிவுக் குறியும் தெரிகின்றன. 224உம் 174உம் விண்டோஸ்-1252 என்ற பழைய குறியீட்டில் அப்படித்தான் தெரியும். ஜாவா 18இல் இருந்து யுடிஎஃப்-8 இயல்பானது. அதற்கு முந்திய பதிப்புகள், குறியீட்டைச் சொல்லாவிட்டால் கணினியின் அமைப்பையே எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் நன்றாக ஓடியது வாசிகசாலையின் விண்டோஸில் குழம்பும். பதிப்பு எதுவானாலும் குறியீட்டை எழுதியே கொடுங்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. குழம்பிய எழுத்தை அப்படியே விண்டோஸ்-1252இல் திரும்ப எழுதினால் பழையபடி வந்துவிடும் என்று பலர் நினைப்பார்கள். வராது. புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. அந்தக் குறியீட்டில் 141க்கு எழுத்தே இல்லை. ஜாவா அந்த இடத்தில் மாற்றுக் குறி போடும், திரும்ப எழுதும்போது அது 63, அதாவது கேள்விக்குறியாகிவிடும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புள்ளிகள் சிதைந்திருக்கும். மூலப் பைட்டுகள் கையில் இருக்கும்வரை குழம்பிய கோப்பை மூலத்தின் மேல் எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் நோய் எங்கள் பகுதிக்கே உரியது. கோப்பில் தமிழே இல்லை, ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது, பைட் எண்ணிக்கை முழுவதும் சமம். அது கோளாறே அல்ல, பாமினி. பழைய கல்வெட்டுகளை அச்சகங்கள் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தன. அங்கே "யாழ்ப்பாணம்" 33 பைட் அல்ல, 11 பைட். ஸ்ட்ரீம் ஒன்றையும் கெடுக்கவில்லை. பைட்டுகளை அப்படியே சேமித்துவிட்டு, யூனிகோடுக்கு மாற்றும் வேலையை வேறொரு படியாகச் செய்யுங்கள். வாசிக்கும் வளையத்துக்குள்ளேயே இரண்டையும் கலந்தால் பிறகு எது எங்கே கெட்டது என்று தேட முடியாது.

கோப்பின் முதல் சொல் மட்டும் ஒப்பீட்டில் பொருந்தவில்லை என்றால் முதல் மூன்று பைட்டைப் பாருங்கள். 239, 187, 191 இருந்தால் அது தொடக்கக் குறி. ஜாவாவின் யுடிஎஃப்-8 வாசிப்பு அதைத் தானாக நீக்காது, நீங்கள்தான் நீக்க வேண்டும்.

நிரல் அப்படியே நிற்கிறது

பிழைச் செய்தி இல்லை, நகர்வும் இல்லை. சாக்கெட்டில் -1 வருவது மறுபக்கம் தன் அனுப்பும் வழியை மூடும்போதுதான். ஒரு படம் அனுப்பி முடிந்தது என்பதற்காக -1 வராது. நீங்கள் -1க்காகக் காத்திருக்க, அவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தால் இருவரும் விடியும்வரை காத்திருக்கலாம்.

இதற்கு அவைலபிள் என்ற மெத்தட்டை மருந்தாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சியம் என்றால் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது, காத்திருக்காமல் இப்போது எத்தனை பைட் எடுக்கலாம் என்ற மதிப்பீட்டைத்தான். பைட் வழியில் வந்துகொண்டிருந்தாலும் பூச்சியம் என்று சொல்லும். கோப்பில் அது மிச்ச அளவைப் போலவே காட்டுவதால் வீட்டில் நம்பவைத்து, வாசிகசாலையில் பாதிப் படத்தோடு நிறுத்திவிடும். கோப்பின் அளவறிய இதைப் பயன்படுத்தாதீர்கள்.

சரியான வழி, ஒவ்வொரு கோப்புக்கும் முன் அதன் நீளத்தை அனுப்புவது. டேட்டாஅவுட்புட்ஸ்ட்ரீமால் நீளத்தை எழுதுங்கள். மறுபக்கத்தில் நீளத்தை வாசித்து, அத்தனை பைட் சேரும்வரை வாசியுங்கள். சின்னது என்றால் ரீட்ஃபுல்லி போதும். அது வரிசையை முழுக்க நிரப்பும் அல்லது ஈஓஎஃப் எக்செப்ஷன் எழுப்பும், குறைவாகத் தந்துவிட்டுச் சும்மா இருக்காது. ஜாவா 9இன் ரீட்என்பைட்ஸும் உண்டு, ஆனால் ஸ்ட்ரீம் முன்பே முடிந்தால் அது குறைவான எண்ணோடு அமைதியாகத் திரும்பும், ஒப்பிடுவது உங்கள் பொறுப்பு.

மறுபக்க நிரல் சி ஷார்ப்பில் எழுதியது என்றால் ஒரு எண்ணின் பைட்டுகள் எந்த ஒழுங்கில் போகின்றன என்பதைக் கவனியுங்கள். ஜாவா பெரிய இட மதிப்புள்ள பைட்டை முதலில் எழுதும், சி ஷார்ப்பின் பைனரிரீடர் சிறியதை முதலில் எதிர்பார்க்கும். நான்கு பைட்டில் போன 20,000 அங்கே 54,19,82,720 ஆக வாசிக்கப்படும். அது 54 கோடி பைட்டுக்காகக் காத்திருக்கும், நீங்கள் தொங்கல் என்று நினைப்பீர்கள். சி ஷார்ப்பில் வரிசை கொடுத்து வாசிக்கும் ரீட்டில் முடிவுக்கு -1 அல்ல, 0 என்பதையும் நினைவில் வையுங்கள். உயர்தரத்தில் பைதன் படித்து வந்தவர்களுக்கு முடிவு என்றால் வெறும் பைட் தொடர், அதனால் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு.

கரண்ட் போய் மறுபக்கக் கணினி அணைந்தால் -1 கூட வராது. சாக்கெட்டுக்கு எஸ்ஓ டைம்அவுட் வையுங்கள். நான் 30,000 மில்லிசெக்கன் வைத்திருக்கிறேன். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் எக்செப்ஷன் எழும், பாதிக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி கேட்கலாம்.

தலைப்பு வந்தது, உடலின் முன்பகுதி காணோம்

கோப்பின் பெயரை ஒரு வரியாக அனுப்பி, அதைப் பஃபர்ட்ரீடரின் ரீட்லைனால் வாசித்து, பிறகு படத்தை மூல ஸ்ட்ரீமில் இருந்து வாசித்தீர்களா? பஃபர்ட்ரீடர் ஒரு வரி மட்டும் எடுக்கவில்லை. தொட்டியை நிரப்பப் போய், பெயருக்குப் பின்னால் வந்த படத்தின் முதல் சில ஆயிரம் பைட்டையும் சேர்த்து அள்ளிவிட்டது. அவை அதன் வயிற்றில் இருக்கின்றன, மூல ஸ்ட்ரீமில் இல்லை. வளையத்துக்குள் புதிய பஃபர் உருவாக்கினால் நடப்பதும் இதுதான். பழைய பஃபரோடு அதில் இருந்ததும் போய்விடும். விசைப்பலகை உள்ளீடான சிஸ்டம் இன்னின் மேல் ஸ்கேனர் என்ற கிளாஸை இரண்டு தடவை வைப்பவர்களுக்கும் இதே கதி.

ஒரு ஸ்ட்ரீமுக்கு ஒரு பஃபர், தொடக்கத்தில் ஒருமுறை உருவாக்கி இறுதிவரை அதையே கையில் வைத்திருங்கள். எழுத்தும் பைட்டும் கலந்து வரும் இடத்தில் ரீடரைத் தொடவே வேண்டாம். பெயரையும் நீளம் சொல்லி அனுப்பி, டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமால் பைட்டாக வாங்கி, யுடிஎஃப்-8 ஸ்ட்ரிங் ஆக்கிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சில

ரீசெட் செய்தால் எக்செப்ஷன் வருகிறது: ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமுக்கு மார்க் (திரும்பி வர ஓரிடத்தைக் குறித்துவைப்பது) தெரியாது, பஃபரில் சுற்றுங்கள். சுற்றியும் வந்தால், மார்க்கில் கொடுத்த எல்லையைத் தாண்டி வாசித்திருக்கிறீர்கள். கோப்பு எந்த வகை என்று பார்க்க முதல் சில பைட் போதும், 16 என்று கொடுத்து அதற்குள் திரும்பிவிடுங்கள்.

ஸ்கிப் தவறான இடத்தில் நிற்கிறது: அதுவும் ரீட் போலத்தான், எத்தனை தாண்டினேன் என்று எண் தரும். ஜாவா 12இன் ஸ்கிப்என்பைட்ஸ் சொன்னபடி தாண்டும் அல்லது எக்செப்ஷன் எழுப்பும்.

நினைவகம் போதவில்லை என்று நிற்கிறது: ரீட்ஆல்பைட்ஸ் முழுக் கோப்பையும் நினைவகத்தில் வைக்கும். பழைய கணினியில் முழுப் பத்திரிகைத் தொகுதி ஒன்றை அப்படி வாசிக்காதீர்கள்.

விண்டோஸில் கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ விடுதில்லை: எங்கோ ஒரு ஸ்ட்ரீம் மூடப்படவில்லை. வெளியே இருப்பதை மூடினால் உள்ளே இருப்பதும் மூடும்.

திருத்தியது சரிதானா என்று பார்க்க

ஃபில்டர்இன்புட்ஸ்ட்ரீமில் இருந்து ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள். மூன்று அளபுரு வாங்கும் ரீட்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும்: யார் எத்தனை கேட்டாலும், கேட்டதற்கும் 1க்கும் இடையில் சிறியதை எடுத்து, அத்தனை மட்டும் தாய் கிளாஸிடம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பூச்சியம் கேட்டால் பூச்சியம் போகும், அதுவும் விதிப்படி சரி. நான் இதற்கு சில்லறை ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்திருக்கிறேன். வாக்கை மீறாமலே மிக மோசமாக நடந்துகொள்ளும் ஸ்ட்ரீம் இது, எந்த நெட்வொர்க்கும் இதைவிடக் குறைவாகத் தராது.

சோதிக்கும் மெத்தட்டுக்குக் கொடுக்கும்போது இதை எல்லாவற்றுக்கும் வெளியே வையுங்கள். இதன் மேல் பஃபர் வைத்தால் பஃபர் சில்லறையைச் சேர்த்து நோட்டாக்கிவிடும், பிழை ஒளிந்துகொள்ளும். மூன்று கோப்புகளை இதன் வழியே அனுப்புங்கள்: பூச்சியம் பைட் கோப்பு ஒன்று, ஜேபெக் படம் ஒன்று, "யாழ்ப்பாணம்" என்ற சொல் மட்டும் உள்ள 33 பைட் கோப்பு ஒன்று. சென்ற கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நிரலை இப்படி ஓட்டியபோது படம் சரியாக வந்தது, 33 பைட் கோப்பு 33 வைரக் கேள்விக்குறிகளாக வந்தது. வரிசை வந்த உடனேயே ஸ்ட்ரிங் ஆக்கும் ஒரு வரி இன்னும் மிச்சமிருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். திரையில் ஆறு எழுத்தும், மூன்று புள்ளியும் இருந்தன.